பழைய மோட்டார்ஹோமில் பழுதறிதல்

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் சமையலறையும் கொண்ட பயண ஊர்தியை, வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது, அதன் எஞ்சினும் சேஸி எனப்படும் அடிச்சட்டமும் பெரும்பாலும் ஃபோர்டு, செவ்ரோலெட் போன்ற நிறுவனங்களுடையவை, வீட்டுப் பகுதியோ வின்னபேகோ போன்ற வேறொரு நிறுவனம் கட்டியது என்பதே. ஆகவே பிரேக் பழுதுக்குச் சேஸியின் கையேட்டையும், குளிர்பெட்டிக்கு அதன் தகட்டிலுள்ள மாடல் எண்ணையும் கொண்டு தேட வேண்டும். 1981 மாடல் முதல் வழங்கப்படும் 17 இலக்க வாகன அடையாள எண்ணின் பத்தாம் இடம் மாடல் ஆண்டைக் குறிக்கும். வீட்டுப் பகுதியின் ஆண்டு அதிலிருந்து வேறுபடக்கூடும் என்பதால், உதிரிபாகம் கேட்கையில் இரண்டையும் கூறுவது அவசியம். 12 வோல்ட் விளக்குகள் எரியாவிட்டால், ஃபியூஸையும், பாட்டரியைச் சட்டத்துடன் இணைக்கும் எர்த் கம்பியின் முனையில் படிந்த துருவையும் முதலில் பார்க்கலாம். புரொப்பேன் வாயு நாற்றம் வந்தாலோ, எந்தச் சுவிட்சையும் தொடாமல் அனைவரும் உடனே வெளியேறி, வெளியிலுள்ள சிலிண்டர் வால்வை மூட வேண்டும்.