லடாக் எங்கிருந்து வந்தது?

பைக்கில் லடாக் போகணும் என்பது நம்ம ஹாஸ்டலில் பாதிப் பேரோட கனவு. போறவங்க கர்துங் லா பலகை முன்னாடி போட்டோ எடுத்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க. காலடியில் இருக்கும் கிரானைட்டையும் கொஞ்சம் பாருங்க. அது பழைய இந்தியக் கண்டத்தோட கல் இல்லை. கடலுக்கு நடுவில் இருந்த ஓர் எரிமலைத் தீவு வரிசையோட வேர் அது.

இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதியது, இமயமலை எழுந்தது என்று பள்ளியில் படிச்சிருப்பீங்க. தப்பில்லை. ஆனா ரெண்டு லாரி நேருக்கு நேர் மோதின மாதிரி நினைச்சுக்கக் கூடாது. மோதப்பட்ட ஆசியாவே ஒட்டுப்போட்ட துணி. திபெத்தில் இருக்கும் சியாங்டாங், லாசா ஆகிய ரெண்டு துண்டுகளும் தெற்கே கோண்டுவானாவில் இருந்து பிரிந்து வந்து, டைனோசர் காலத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக ஆசியாவில் ஒட்டிக்கொண்டவை.

லடாக் கதை வேறு. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் டெதிஸ் கடல் இருந்தது. அங்கே ஒரு கடல்தரை இன்னொரு கடல்தரைக்கு அடியில் புகுந்தது. புகுந்த பாறையிலிருந்து கசிந்த நீர், மேலே இருக்கும் மேன்டிலின் உருகுநிலையைக் குறைத்தது. மாக்மா உருவாகி மேலே வந்து தீவுகளானது. இன்றைய மரியானா தீவுகள் இப்படித்தான் உருவாயின. அந்தப் பழைய வரிசைக்குக் கோகிஸ்தான்–லடாக் என்று பெயர். மேற்குப் பாதி இப்போ பாகிஸ்தானில் இருக்கு.

இது வெளியிலிருந்து வந்த துண்டு என்பதற்கு என்ன ஆதாரம்? ரெண்டு பக்கமும் தையல் இருக்கு! தெற்கே சிந்து நதியை ஒட்டி ஒன்று, வடக்கே ஷையோக் நதிப் பக்கம் ஒன்று. தையல் என்றால், மூடிப்போன கடல் விட்டுச்சென்ற கோடு. கிழக்கு லடாக்கின் நிடார் பகுதியில், கடல்தரையும் அதன் அடியில் இருந்த மேன்டில் பாறையும் மலைமேல் கிடக்கின்றன. (சிவில்காரங்களுக்கு: இந்தக் கோடுகளில் கிடைக்கும் சர்ப்பன்டைன் பாறை சோப்பு மாதிரி வழுக்கும். அதில் சுரங்கப்பாதை போடுவது பெரிய தலைவலி.)

சரி, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது? இங்கேதான் நம்ம பாடம் வேலைக்கு வருது. எரிமலைக் குழம்பு ஆறும்போது, அதிலுள்ள மேக்னடைட் சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்ததும் பூமியின் காந்தப்புலத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டில் அந்தத் திசை கிடையாக இருக்கும், துருவத்தில் செங்குத்தாக இருக்கும். இடைப்பட்ட இடங்களுக்கு ஒரே ஒரு சூத்திரம்:

டேன் (சாய்கோணம்) = 2 × டேன் (அட்சரேகை)

லடாக் இன்று சுமார் 34 டிகிரி வடக்கில் இருக்கு. அங்கேயே உருவான பாறை என்றால் சாய்கோணம் 53 டிகிரி வரணும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க. ஆனா கர்துங் எரிமலைப் பாறைகளை அளந்து 2020-ல் வெளியான ஆய்வு, 6.6 முதல் 6.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவை சுமார் 8 டிகிரி வடக்கில் இருந்ததாகச் சொல்கிறது. அதாவது சாய்கோணம் சுமார் 16 டிகிரிதான். 8 டிகிரி என்பது இன்றைய கன்னியாகுமரியின் அட்சரேகை! வித்தியாசம் 26 டிகிரி. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்தால், ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் வடக்கே தள்ளப்பட்டிருக்கு. பிழை வரம்பு சில டிகிரி உண்டு. பாறை அடுக்கு பின்னாளில் சாய்ந்திருந்தால் அதையும் திருத்தித்தான் கணக்கிடணும்.

சண்டை ஆரம்பிப்பதும் இந்த எண்ணால்தான். தீவு வரிசை முதலில் ஆசியாவில் ஒட்டியது, பிறகு இந்தியா வந்து மோதியது என்பது பழைய கருத்து. 8 டிகிரி சரியென்றால், அந்தச் சமயத்தில் ஆசியாவின் தெற்கு விளிம்பு இன்னும் வடக்கே இருந்தது, நடுவில் கடல் மீதம் இருந்தது. அப்போ இந்தியா முதலில் தீவுகளில் மோதி, அவற்றையும் தள்ளிக்கொண்டு போய் ஆசியாவில் முட்டியிருக்கணும். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கு. ஆனா ஷையோக் தையல் அதற்கு வெகுகாலம் முன்பே மூடிவிட்டது என்று, அங்குள்ள பாறைகளின் வயதைக் காட்டி வாதாடுகிறவர்களும் இருக்காங்க.