குழந்தையின் நரம்பும் வயதின் அளவும்

சில காலத்துக்கு முன் படுவான்கரையிலிருந்து ஒரு தந்தையார் எம்மை நாடி வந்தார். அவர்தம் மூத்த மகன் எம்மிடம் தமிழ் பயில்பவன். இளைய குழந்தைக்கு வயது இரண்டு மாதம். பிறந்தபோதே அதன் ஒரு கை தளர்ந்திருந்தது. ஒப்புநோக்கும் பொருட்டு இரு கைகளிலும் நரம்புக் கடத்தற் சோதனை செய்யப்பட்டது. நல்ல கையிற் கண்ட வேகம் செக்கனுக்கு 30 மீற்றர். அது 50 மீற்றருக்குக் குறைதல் ஆகாதென எங்கோ படித்திருந்த அவர், "ஐயா, நல்ல கையும் பழுதோ?" என்று கலங்கினார்.

யாம் மருத்துவர் அல்லேம். எனினும், எம்மிடம் கற்று மருத்துவரான ஒருவரை வினவியும் நூல்களை நோக்கியும் அறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றோம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியற் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தவர். ஆதலின் தமிழாசிரியர் இத்தகைய பொருளை எழுதுதல் புதுமையன்று.

சோதனையின் முறை எளியது. நரம்பு செல்லும் வழியில், முழங்கையிலும் மணிக்கட்டிலும் தோலின்மேற் சிறு மின்தூண்டல் கொடுப்பர். ஒவ்வொரு தூண்டலுக்கும் கைத்தசை விடையளிக்க எடுக்கும் நேரத்தைக் கருவி குறிக்கும். இரண்டிடங்களுக்கும் இடைத்தூரம் 60 மில்லிமீற்றர், நேர வேறுபாடு 2 மில்லிசெக்கன் எனின், வேகம் செக்கனுக்கு 30 மீற்றர் ஆகும். தவளையின் நரம்பில் இவ்வேகத்தை 1850ஆம் ஆண்டளவில் முதன்முதல் அளந்தவர் ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ்.

குழந்தையில் இவ்வேகம் குறைவது ஏன்? நரம்பிழையை மயலின் என்னும் கொழுப்புறை சூழ்ந்துள்ளது. உறையின் இடையிடையே கணுக்கள் உள. செய்தி கணுவிலிருந்து கணுவுக்குத் தாவிச் செல்லும். வாவிச் சேற்றிற் கால் புதைய நடப்பவனையும் கல்லுக்குக் கல் தாவிச் செல்பவனையும் நினைந்து பார்க்க. பிறந்த குழந்தையில் இழையும் மெல்லிது, உறையும் மெல்லிது. இரண்டும் தடிக்கத் தடிக்க வேகமும் ஏறும்.

ஆகவே, நிறைமாதத்திற் பிறந்த குழந்தையின் வேகம் வளர்ந்தோர் வேகத்தில் ஏறக்குறையப் பாதி. கையில் 25 மீற்றரை அடுத்து நிற்கும். முதலாண்டில் விரைந்து உயர்ந்து 40 மீற்றரைக் கடக்கும். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் வளர்ந்தோர் அளவை எய்தும். குறைமாதக் குழந்தைக்கோ பிறந்த நாளை மட்டும் கொண்டு கணக்கிடல் பிழை. கருவில் வளர்ந்த காலத்தையும் சேர்த்து எண்ணல் வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது குளிர். தோலின் வெப்பம் ஒரு பாகை குறையின், வளர்ந்தோரில் வேகம் ஏறத்தாழ 2 மீற்றர் குறையும். குளிரூட்டிய அறையிற் கிடந்த சின்னஞ்சிறு கை எளிதிற் குளிரும். இரண்டாவது அளவுநாடா. 24 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால் இருபத்துநான்கில் ஒரு பங்கே தவறும். 6 சென்ரிமீற்றரிற் பிழைத்தால் ஆறில் ஒரு பங்கு தவறும்.

இவற்றைச் சொன்னபோது அத்தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியாயின் நல்ல கை நல்ல கைதான்" என்றார். தளர்ந்த கையின் நிலையை மருத்துவரே கூறல் வேண்டும். ஆயினும் இல்லாத நோயின் சுமை அவர் நெஞ்சினின்றும் இறங்கிற்று.

பழைய மாணவர்காள்! உங்களுட் பலர் இன்று தந்தையர். இத்தகைய தாள் உங்கள் கைக்கு வரின், எண்ணைக் கண்டு அஞ்சுமுன் மருத்துவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இது எந்த வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிடப்பட்டது? கை வெதுவெதுப்பாக இருந்ததா? தூரம் மீண்டும் அளக்கப்பட்டதா? வளரும் பிள்ளையை வளர்ந்தோர் கோலால் அளந்து குறை காணுதல் வகுப்பறையிலும் யாம் செய்யும் பிழையே. கோலை மாற்றினால், குறையெனக் கண்டது வளர்ச்சியெனத் தோன்றும்.