கடிதம் வராத மூன்றரை ஆண்டுகள்

அன்புள்ள தங்கைக்கு,

உன் நாவலின் முதல் அத்தியாயங்களைப் படித்தேன். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாட்டி, மலேயாத் தோட்டத்தில் வேலைக்குப் போன அவள் கணவன், இன்றைக்குச் சென்னையில் பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் பேத்தி. எடுத்துக்கொண்டது பெரிய விஷயம். அதனால்தான் அந்தப் பெட்டியில் கிடைக்கும் காதல் கடிதக் கட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

1943-இல் எழுதிய அந்தக் கடிதங்கள் மன்னார்குடிக்கு வந்திருக்க முடியாது. ஜப்பானியர் மலேயாவின் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அதோடு மலேயாவிலிருந்து நம்மூருக்கு வந்துகொண்டிருந்த தபாலும் மணியார்டரும் நின்றுபோயின. 1945-இல் போர் முடியும்வரை எத்தனையோ வீடுகளில், புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் பெண்கள் தாலியோடு காத்திருந்தார்கள். கழற்றவும் முடியாது, நம்பி இருக்கவும் முடியாது. உன் கதையின் உயிர் இந்த மௌனத்தில்தான் இருக்கிறது. நீ அதைக் கடிதங்களால் நிரப்பிவிட்டாய்.

அந்தக் கடிதக் கட்டை எடுத்துவிடு. ஒரே ஒரு கடிதத்தை வை. 1946-இல் வந்த கடிதம்.

அதில் என்ன இருக்கும் என்று தெரிய, அந்த மூன்றரை ஆண்டு அவன் எங்கே இருந்தான் என்று தெரிய வேண்டும். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, ஜப்பானியர் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோனார்கள். தொடக்கத்தில் கூலி தருகிறோம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். பிறகு ஆளைப் பிடித்தே ஏற்றினார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. அந்த அக்டோபரில் பாதை இணைந்தபோது செத்தவர்களில் பெரும்பாலோர் ஆசியக் கூலிகள். சயாமின் காஞ்சனபுரியில், அதே பாதையில் வேலை செய்த போர்க் கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. கணவனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டு லயத்தில் பிள்ளையோடு தனியே நின்ற பெண்ணும், ஊருக்கு ஒரு வரி எழுத வழியில்லாத பாட்டியின் கணவனும் ஒரே தோட்டத்தில் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் துணையானார்கள். உன் நாவலின் குடும்ப ரகசியம் இங்கே பிறக்கட்டும். அந்த மனிதனை அயோக்கியனாக்கிவிடாதே. போர் செய்ததை ஒரு தனியாளின் தலையில் போடுவது நியாயமில்லை. பாட்டி 1946 கடிதத்தைப் படித்தாள், மடித்தாள், யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் நாவல்.

காலத்தை நம்பவைக்கச் சின்னப் பொருள்கள் போதும். ஜப்பான் ஆட்சியில் மலேயாவின் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஆண்டும் மாறியது: 1943 அவர்கள் கணக்கில் 2603. தோட்டத்துக் காகிதம் ஒன்று பேத்தியின் கையில் கிடைத்து, அதில் 2603 என்று இருந்தால் அவள் குழம்புவாள், விசாரிப்பாள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு 1945-இல் வெறும் காகிதமானது. அதைச் சேர்த்து வைத்தவன் ஊருக்கு அனுப்பக் கையில் எதுவும் இல்லாமல் நின்றான். அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள். இப்படி ஒன்றிரண்டை அருகே போய்க் காட்டு, பட்டியல் போடாதே.

இனி பேத்தி. இப்போது அவள் வெறுமனே பெட்டியைத் திறக்கிறாள், கண் கலங்குகிறாள். பாட்டியின் கதையும் பேத்தியின் கதையும் இரட்டை மாட்டு வண்டி மாதிரி; ஒரு மாடு மட்டும் இழுத்தால் வண்டி பாதையை விட்டு இறங்கிவிடும். தாத்தியானா த ரோஸ்னேயின் 'சாராஸ் கீ' நாவலைப் படி. 1942 ஜூலையில் பாரிஸ் போலீஸ் யூதக் குடும்பங்களைப் பிடித்துச் சென்றதைப் பற்றி இன்றைய பத்திரிகையாளர் ஒருத்தி விசாரிக்கிறாள். அப்படிப் பிடிபட்ட ஒரு குடும்பத்தின் வீட்டில்தான் தன் கணவனின் குடும்பம் குடியேறியது என்று அவளுக்குத் தெரியவருகிறது. விசாரணை அவள் வாழ்க்கைக்குள்ளேயே வந்துவிடுகிறது. உன் பேத்திக்கும் அப்படி ஒன்று வேண்டும். மலேசியாவில் அவளுக்கு ஒரு பெரியப்பாவோ சித்தப்பாவோ இருக்கலாம். அவர் தன் அப்பாவின் ஊரைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவருக்குப் பதில் எழுதினால் பாட்டி காத்த மானம் போகும். எழுதாவிட்டால் ஒரு மனிதர் ஊர் தெரியாமலே சாவார். அவள் எதைச் செய்தாலும் யாருக்கோ வலிக்க வேண்டும்.

இன்னொன்று: ரகசியத்தை வாசகருக்கு முன்னதாகவே சொல்லிவிடு. கடைசிப் பக்கத்தில் திடுக்கிட வைப்பதைவிட, நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லையே என்று வாசகர் தவிப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இரண்டையும் எழுதுவதற்கு முன் படித்துவிடு. உங்கள் ஊரில் மலேயா போய் வந்தவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். அப்பா என்ன சொன்னார் என்பதோடு எதைச் சொல்ல மறுத்தார் என்றும் கேள். மற்ற அத்தியாயங்களுக்கு அவசரமில்லை. அந்த 1946 கடிதத்தை மட்டும் முழுதாக எழுதி, அது வந்த அன்று பாட்டி அடுப்படியில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதோடு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா