காகித ஏற்றுமதி: இரு நாடுகள் தரும் பாடம்

ஒரு நாட்டின் ஏற்றுமதி வலிமையை டன் கணக்கில் மட்டுமே அளந்தால் தவறான முடிவுக்கு வர நேரிடும். விற்கும் சரக்கு எது, அதற்கான மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பவற்றையும் ஆராய வேண்டும். காகிதம், காகித அட்டை வாணிபத்தில் பின்லாந்தும் இந்தோனேஷியாவும் பெற்ற அனுபவம் இதைத் தெளிவாக்குகிறது.

பின்லாந்து

பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு; அதில் பாதிக்கு மேல் தனிக் குடும்பங்களுக்குச் சொந்தம். குளிர் மிகுந்த அந்நாட்டில் மரம் அறுவடைக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேலாகும். 1917 வரை ரஷ்யாவே அதன் காகிதத்துக்குப் பெரும் சந்தை. புரட்சியால் அச்சந்தை கைநழுவியதும், ஆலைகள் 1918இல் கூட்டு விற்பனைச் சங்கம் அமைத்து மேற்கு நாடுகளை நாடின. 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துடன் ஏற்பட்ட உடன்பாடு அச்சந்தையை மேலும் விரிவாக்கியது.

செய்தித்தாள், வார இதழ்களுக்கான அச்சுக் காகிதமே முக்கியச் சரக்கு. 2007இல் காகிதமும் அட்டையும் சேர்ந்து உற்பத்தி 140 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி ஏற்றுமதியாயிற்று. ஆனால் வாசகர்கள் கணினித் திரைக்கு மாறியபோது, ஒரே வகைச் சரக்கைப் பெரிதும் நம்பியிருந்ததன் பலவீனம் வெளிப்பட்டது. 2006இல் வோய்க்கா ஆலையும் 2020இல் கைபோலா ஆலையும் மூடப்பட்டன. 2020இல் உற்பத்தி ஏறத்தாழ 82 லட்சம் டன்னாகக் குறைந்தது.

எனினும் தொழில் அழிந்துவிடவில்லை. அதே மரம் பெட்டி அட்டையாகவும் மரக்கூழாகவும் வேறு சந்தைகளுக்குச் சென்றது. ஆனேகோஸ்கியில் 2017இலும் கெமியில் 2023இலும் மாபெரும் மரக்கூழ் ஆலைகள் இயங்கத் தொடங்கின. சரக்கு மாறினாலும் மூலப்பொருளின் அடித்தளம் நிலைத்திருந்ததே இதற்குக் காரணம்.

இந்தோனேஷியா

இந்தோனேஷியாவின் வரலாறு வேறு. 1970களில் காகிதத்தை இறக்குமதி செய்துவந்த அந்நாடு, 1985இல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்து, மரத்தை உள்நாட்டிலேயே பண்டமாக்க முனைந்தது. சுமத்ராவில் பெரிய ஆலைகள் எழுந்தன. அங்கு அக்கேஷியா மரம் ஆறேழு ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வருவதால் கூழின் அடக்கவிலை குறைவு. 1990களில் அந்நாடு முக்கிய ஏற்றுமதியாளராக உயர்ந்தது.

இவ்வேகத்துக்கு இரு விலைகள் கொடுக்க நேர்ந்தது. முதலாவது கடன். 1997இல் ரூபியா வீழ்ந்தபோது ஏற்றுமதிக்கு அனுகூலம் கிடைத்தாலும், டாலரில் வாங்கிய கடனின் சுமை பெருகியது. 2001இல் மிகப் பெரிய காகிதக் குழுமம் ஏறத்தாழ 1,390 கோடி டாலர் கடனுக்கான தவணைகளை நிறுத்தியது. இரண்டாவது காடு. ஆலைகளின் வேகத்துக்குத் தோட்டங்கள் ஈடுகொடுக்காததால் இயற்கைக் காடுகள் வெட்டப்பட்டன. மேலைநாட்டு வாடிக்கையாளர் சிலர் விலகினர். இயற்கைக் காட்டை அழிப்பதில்லை என அக்குழுமம் 2013இல் அறிவித்தது. தோட்டங்களுக்காக நீர் வடிக்கப்பட்ட சதுப்பு நிலங்களும் எரிந்த 2015ஆம் ஆண்டுத் தீயினால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பை உலக வங்கி சுமார் 1,600 கோடி டாலர் என மதிப்பிட்டது.

நமக்குரிய படிப்பினை

பின்லாந்து முதலில் மூலப்பொருளை உறுதி செய்துகொண்டு, பின்னர் சரக்கை மாற்றியது. இந்தோனேஷியா முதலில் ஆலைகளைக் கட்டி, பின்னர் மரத்தைத் தேடியது. தாழ்ந்த அடக்கவிலை சந்தையைப் பெற்றுத் தரும். அதை நிலைநிறுத்த அது மட்டும் போதாது.

இந்தியாவுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் உடன்பாட்டால் சுங்கவரி குறைந்து, இந்தோனேஷியக் காகிதம் நம் சந்தையில் எளிதாகப் போட்டியிடுகிறது. ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளின் துணையுடன் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நமது 1988ஆம் ஆண்டு வனக் கொள்கை. சவுக்கும் சூபாபுலும் பயிரிடும் விவசாயிக்கு நியாய விலை நிலைத்தால்தான் இவ்வழி நிலைக்கும். கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் மற்றொரு வழியைக் காட்டியது. ஆலையின் கொள்திறனைத் தீர்மானிக்குமுன் அதற்கு வேண்டிய மரத்தையும் சக்கையையும் கணக்கிடுவதே திட்டமிடுதலின் முதற்படி.