பாம்புக்குட்டி ஏன் சாப்பிடவில்லை?

எங்க தம்பி ஏரிக்கரையில் ஒரு தண்ணிப்பாம்புக் குட்டியைப் பிடிச்சு, டப்பாவில் போட்டுக் கொண்டு வந்துட்டான். பென்சில் தடிமன்கூட இல்லை. வளர்க்கப் போறானாம்! அம்மா திட்டினது தனிக்கதை.

ஆயா ஒரு மூடியில் பால் வைத்தார்கள். அது தொடவே இல்லை. தம்பி சோறு போட்டான், செத்த கரப்பான் போட்டான். மூன்று நாளாகியும் ஒன்றும் தின்னவில்லை. செத்துடும்னு அழ ஆரம்பித்தான்.

நான் அறிவியல் சாரிடம் கேட்டேன். பால் பாம்புக்கு உணவே இல்லையாம், செரிக்காதாம். தண்ணிப்பாம்பு மீன், தவளை தின்னும். மெல்லத் தெரியாது, முழுசா விழுங்கும். அதனால் குட்டிக்குப் பொடிமீன், தலைப்பிரட்டைதான் சரி. அதையும் புது இடத்தில் உடனே தின்னாது, பயம். ஒளிய இடம் வேண்டும், தொட்டு எடுக்கக் கூடாது. தம்பியோ பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்த்தான்! நம்மைப்போல அதற்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெளிச்சூடு இல்லாவிட்டால் தின்றாலும் செரிக்காது. முட்டையிலிருந்து புதுசா வந்த குட்டிக்கோ வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே சில நாள் தாங்கும். பெரும்பாலும் முதல் தோல் உரித்த பிறகுதான் இரை தேடும்.

"அப்போ பொடிமீன் வைக்கட்டுமா சார்?" என்றேன்.

"ஏரியில் விடு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்ப் பாம்பை வளர்க்கக் கூடாது. கட்டுவிரியன் குட்டியா இருந்திருந்தா? அதுக்கும் விஷம் உண்டு" என்றார்.

சாயங்காலம் கரையில் டப்பாவைச் சாய்த்தோம். கொஞ்சநேரம் அசையவில்லை. பிறகு சரக்கென்று தண்ணிக்குள் போய்விட்டது. டப்பாவை அம்மா வீட்டுக்குள் விடவே இல்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி