பூங்காப் பலகையில் உள்ள கன்னடம்

எங்கள் பகுதிக் குடும்பம் ஒன்றில் நடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன பையன், நண்பர்கள் இருவருடன் இரவு வேளையில் பக்கத்துப் பூங்காவில் பீர் டின்னும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். ரோந்து வந்த போலீசார் மூவரையும் நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டனர். ஊரிலிருந்து அவன் தாயார் தொலைபேசியில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் கேட்டபோது, "கடை தெருவுக்குத் தெரு இருக்கே மாமா, குடிச்சா தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? பலகை கன்னடத்துல இருந்துது" என்றான்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் இளைஞர்கள் பலருக்கும் இந்த மயக்கம் உண்டு. அங்கே சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். இங்கே உரிமம் பெற்ற தனியார் கடைகள் விளக்குப் போட்டு விற்கின்றன. ஆகவே எங்கும் குடிக்கலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். விற்க உரிமம் வேறு, குடிக்க இடம் வேறு. கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டம், 1965, உரிமம் இல்லாத பொது இடத்தில் மது அருந்துவதைத் தடுக்கிறது. பூங்கா, ஏரிக்கரை, தெருவோரம் எல்லாம் பொது இடமே. ஊரில் மட்டும் சலுகையா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, பொது இடத்தில் போதையில் காணப்படுவதையே குற்றமாக்கியிருக்கிறது.

நான் வேலை பார்த்த ரயில்வேயிலும் அப்படித்தான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145-ஆவது பிரிவின்படி, ரயிலிலோ நிலையத்திலோ குடிபோதையில் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். பயணச்சீட்டையும் பறித்துக்கொண்டு இறக்கிவிடலாம்.

மது விஷயத்தில் எல்லாப் பூங்காவுக்கும் ஒரே விதி. மற்றவை அப்படி அல்ல, பூங்கா யாருடையது என்பதைப் பொறுத்தவை. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கும், 1870-இல் ரிச்சர்ட் சாங்கி அமைத்த கப்பன் பூங்காவும் மாநிலத் தோட்டக்கலைத் துறையிடம் உள்ளன. நம் வீட்டருகில் உள்ளவை பெரும்பாலும் மாநகராட்சியுடையவை. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது, உங்கள் பகுதி எதில் சேர்ந்தது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பலகைக்கு வருவோம். நம் காதுக்குப் பாதி தெரிந்த சொற்கள்தாம். 'உத்யானவன' என்றால் பூங்கா. 'மத்யபான' குடிப்பது, 'தூமபான' புகைப்பது. பின்னால் 'நிஷேதிஸலாகிதெ' என்று வந்தால் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். வினையின் முடிவில் 'பேடி' வந்தால் 'செய்யாதீர்கள்'. 'ஹூ கீளபேடி' பூப் பறிக்காதீர்கள், 'கஸ ஹாகபேடி' குப்பை போடாதீர்கள். 'ஸாகு ப்ராணி' என்பதைச் சாகப்போகும் பிராணி என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்! அது வளர்ப்புப் பிராணி. நாய் வைத்திருப்பவர்கள் இந்தச் சொல்லை அவசியம் தேட வேண்டும்.

'ஆஹார' என்ற சொல் நம் குடும்பங்களுக்குத்தான் முக்கியம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்ப் புல்தரையில் உண்பது நம் வழக்கம். கப்பன் பூங்காவில் 2023-இல் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. எனக்கும் முதலில் கோபம்தான். வேறொரு பூங்காவில் காவலாளியுடன் வாதாடி, பேரப்பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்ததும் உண்டு. அவர் பாவம், பலகையைத்தான் காட்டினார். சிந்திய சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பிள்ளைகள் உருண்டு விளையாடும் புல் அது. உடைந்த பாட்டிலின் சில்லும் அதே புல்லில்தான் கிடக்கிறது.

கூட்டம் கூடுவது தனி விஷயம். கோரிக்கை அட்டை பிடிக்கும் போராட்டங்களுக்கு, 2021-ஆம் ஆண்டு ஆணைப்படி, பெங்களூரில் பழைய மத்தியச் சிறை இருந்த சுதந்திரப் பூங்கா ஒன்றே இடம். பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டி, பொங்கல் விளையாட்டு போன்றவற்றை ஒரு பூங்காவில் நடத்த நினைத்தால் முதலில் அந்தப் பூங்காவின் அலுவலகத்தில் எழுத்தில் 'அனுமதி' கேளுங்கள். அந்தச் சொல் இரு மொழியிலும் ஒன்றே. கடிதம் கன்னடத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். எழுதித்தர ஆள் வேண்டுவோர் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் சங்க நூலகத்துக்கு வரலாம், அங்கே இருப்பேன்.