2.4 லட்சம் கிலோமீட்டர் ஓடின செடான்: வாங்கலாமா, வேண்டாமா?

போன மாசம் அப்பாவுக்கு சீட்டுப் பணம் இரண்டரை லட்சம் கைக்கு வந்தது. எனக்கு பொம்மசந்திரா பக்கம் ஒரு கம்பெனியில் பிளேஸ்மென்ட் ஆகியிருந்தது. ஓசூரிலிருந்து தினமும் பைக்கில் போவேன்னு நான் சொன்னதும் அப்பாவுக்கு முகம் மாறிடுச்சு. அத்திப்பள்ளி தாண்டி அந்த ஹைவேயில் காலையில் போறவங்களுக்கு ஏன்னு தெரியும். "ஒரு பழைய கார் பாத்துடலாம்டா, பாட்டியையும் பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்"னார்.

அந்த வாரமே ஒரு புரோக்கர் வண்டி காட்டினார். டொயோட்டா எட்டியோஸ், டீசல், 2012 மாடல், கே.ஏ. 51 நம்பர், மீட்டரில் 2,40,000 கிலோமீட்டர். கேட்ட விலை 2,10,000. பார்க்க பளபளன்னு இருந்தது. எங்க கிளாஸில் பாதிப் பேர் வீட்டில் இப்போ இதே பேச்சு ஓடிட்டிருக்குன்னு தெரிஞ்சதால், நான் யோசிச்ச விதத்தை அப்படியே எழுதறேன்.

முதல்ல அந்தக் கிலோமீட்டர். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் பயப்படறாங்க. நானும்தான். ஆனா இன்ஜின் தேய்வதுக்கும் தூரத்துக்கும் நேரடி உறவு கம்மி. ஜே.சி.பி., டிராக்டர் எல்லாத்திலும் மணிக்கணக்கு மீட்டர் வெச்சிருப்பாங்க, பாத்திருப்பீங்க. நின்ன இடத்தில் ஓடினாலும் இன்ஜின் ஓடுது இல்லையா? காருக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்க. பெங்களூரு டிராஃபிக்கில் சராசரி வேகம் மணிக்கு 18 கி.மீ.ன்னு வெச்சுக்கிட்டா, 80,000 கி.மீ. ஓடின வண்டியோட இன்ஜின் சுமார் 4,440 மணி நேரம் ஓடியிருக்கும். ஹைவேயில் சராசரி 55-ல் போன வண்டி 2,40,000 கி.மீ. ஓட 4,360 மணி நேரம்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு! சொல்லப்போனா சிட்டி வண்டியில் கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ் இன்னும் மோசமா இருக்கும். தேய்மானம் அதிகம் நடக்கிறது குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ற நேரத்தில். ஹைவே வண்டி ஒரு தடவை ஸ்டார்ட் ஆனா முந்நூறு கி.மீ. போகும். சிட்டி வண்டி பால் வாங்கப் போயிட்டு வரும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி "எவ்ளோ ஓடியிருக்கு" இல்ல, "எங்க ஓடியிருக்கு". எங்க புரோக்கர், "எல்லாம் சென்னை ட்ரிப் சார், ஹைவே வண்டி"ன்னார். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. சரிபார்க்க ஒரு வழி இருக்கு. 2021 பிப்ரவரியிலிருந்து டோலில் ஃபாஸ்டேக் கட்டாயம். ஓனர் தன்னோட ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டைக் காட்டினா கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, பள்ளிகொண்டான்னு வரிசையா விழுந்திருக்கும். வெறும் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலமும் அத்திப்பள்ளியும் மட்டும் திரும்பத் திரும்ப வந்தா கதை வேற. நான் கேட்டேன். "ஓனர் போன் எடுக்கல தம்பி"ன்னு பதில் வந்தது. இதை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

மீட்டரே உண்மையான்னு ஒரு சந்தேகம் உண்டு. டிஜிட்டல் மீட்டரைத் திருத்தறது பெரிய வித்தை இல்ல. பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்கு, ஸ்டியரிங் தோல் மின்னுது, ஆனா மீட்டர் 60,000 காட்டுதுன்னா நம்பாதீங்க. சர்வீஸ் பில்லில் ஒவ்வொரு தடவையும் கி.மீ. எழுதியிருப்பாங்க, அதை வரிசையா வெச்சுப் பார்த்தா எங்க பின்னாடி போச்சுன்னு தெரிஞ்சிடும். எங்க வண்டி 2.4 லட்சம்னு ஒளிவு மறைவில்லாம காட்டினது எனக்கு உண்மையில் கொஞ்சம் ஆறுதலாவே இருந்தது.

இன்ஜின் பார்க்கப் போகும்போது முன்கூட்டியே போன் பண்ணி "வரோம், ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் பானெட்டில் கை வையுங்க. சூடா இருந்தா ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி எதையோ மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். டீசல் வண்டியோட குணம் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும். ஓடும்போது ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பாருங்க. லேசா ஆவி வந்தா பழைய இன்ஜினுக்கு சகஜம். குபுகுபுன்னு புகை தள்ளினா பிஸ்டன் ரிங் தேஞ்சு, எரிஞ்ச வாயு கீழே இறங்குதுன்னு அர்த்தம். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்காம இனிப்பு வாசனையோட வந்தா கூலன்ட் உள்ளே போகுது, அங்கேயே கும்பிட்டுட்டு வந்துடலாம்.

எங்க டிபார்ட்மென்ட் நண்பன் ஒருத்தன் ஓ.பி.டி. ஸ்கேனர் வெச்சிருக்கான், போனோடு ப்ளூடூத்தில் இணைக்கிற மலிவான ஐட்டம். எல்லாரும் அதில் ஃபால்ட் கோட் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷமா மூடி வெச்சிடுவாங்க. அதே ஆப்பில் "கோட் அழிச்ச பிறகு ஓடின தூரம்"னு ஒரு தகவல் இருக்கும், வண்டி அதைக் கொடுத்தா அதுதான் தங்கம். எங்களுக்கு ஃபால்ட் கோட் பூஜ்யம். அழிச்ச பிறகு ஓடின தூரம் 41 கி.மீ. 2.4 லட்சம் கி.மீ. ஓடின வண்டியில் யாரோ முந்தின நாள்தான் கோடை அழிச்சிருக்காங்க. என்ன இருந்ததுன்னு இப்போ யாருக்கும் தெரியாது. டர்போவா, இன்ஜெக்டரா, வெறும் சென்சாரா?

ஒரு சின்ன விஷயம். பெங்களூருவிலிருந்து வர்ற வண்டின்னா 2022-ல் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கட்டும். சென்னை வண்டின்னா 2015-ம் 2023 டிசம்பரும். சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பாருங்க, கடைசி ஒரு அடியில் மண் கறை நிக்கும். யாரும் அதுவரைக்கும் கழுவறதில்ல.

சரி, இப்போ கணக்கு. இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் பேப்பரில் லைஃப் சைக்கிள் காஸ்ட்டுன்னு படிச்சோமே, மார்க்குக்காக மனப்பாடம் பண்ணது, அது இங்கே நிஜமாவே உதவுது. தினம் 50 கி.மீ., மாசம் 24 நாள், மூணு வருஷம். மொத்தம் 43,200 கி.மீ. வண்டி விலை 2,10,000. வாங்கினதும் செய்ய வேண்டிய வேலை: நாலு டயர் 18,000, கிளட்ச் 14,000, சஸ்பென்ஷன் 12,000, பேட்டரி 5,500, ஆயில் சர்வீஸ் 5,000. இது எங்க தெரு மெக்கானிக் அண்ணா குத்துமதிப்பா சொன்ன கணக்கு, 54,500 ஆச்சு. அதுக்கப்புறம் வருஷத்துக்கு 15,000 பராமரிப்பு. இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டாலும் 1000-லிருந்து 1500 சி.சி. வரைக்குமான காருக்கு வருஷம் 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. மூணு வருஷத்துக்கு 12,000-ன்னு வைங்க. கர்நாடகாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாத்தற செலவு, வரி எல்லாம் சேர்த்து 40,000-ன்னு ஒதுக்கினேன். 2012 வண்டியோட ஆர்.சி. 15 வருஷம் முடிஞ்சு 2027-ல் புதுப்பிக்கணும், கட்டணமே 5,000 (2022 ஏப்ரலுக்கு முன்னாடி இது வெறும் 600). டிங்கரிங், பெயின்டோட 20,000. கடைசியில் 80,000-க்கு விக்கலாம்னு கழிச்சா, நிகரமா 3,01,500.

அதாவது டீசல் போடாமலே கி.மீ.க்கு 7 ரூபாய். லிட்டர் 92, மைலேஜ் 17-ன்னு வெச்சா டீசல் 5 ரூபாய் 40 காசு. மொத்தம் 12.40. மாசம் கிட்டத்தட்ட 14,900, டோல் தனி. கையில் வரப்போற முதல் சம்பளம் 26,000. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. 2.1 லட்சம்னு சொன்னப்போ மலிவாத் தெரிஞ்ச அதே கார்! பேரம் பேசி 50,000 குறைச்சாலும் கி.மீ.க்கு 1 ரூபாய் 16 காசுதான் இறங்குது. மாறா, அழிச்ச அந்த ஃபால்ட் கோட் 80,000 ரூபாய் வேலையா மாறினா 1 ரூபாய் 85 காசு ஏறுது. நாம மணிக்கணக்கா பேசற பேரத்தை விட நாம பாக்காம விடற ஒரு பழுது பெருசு.

இன்னொண்ணையும் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் வேலைக்குப் போயிட்டு, பாட்டிக்காகவும் ஞாயிற்றுக்கிழமைக்காகவும் மட்டும் மாசம் 400 கி.மீ. ஓட்டினா? பராமரிப்பு குறையும், நிகரச் செலவு 2,75,000-ன்னே வைங்க. கி.மீ.க்கு டீசலோட 24 ரூபாய்க்கு மேல போகுது. அதுக்கு டாக்சி பிடிச்சுட்டுப் போயிடலாம். அதிகம் ஓடின டீசல் செடான், அதிகம் ஓட்டப் போறவங்களுக்குத்தான் கட்டும். சும்மா வீட்டு வாசலில் நிக்கறதுக்கு இல்ல.

இதுவரைக்கும் சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம்ம ஊருக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, ஜூஜூவாடி எல்லை. இங்கே பேரம் தமிழில் ஆரம்பிச்சு தெலுங்கில் ஓடி கன்னடத்தில் முடியும், ஆனா ஆர்.சி. புக் ஒரு மாநிலத்துக்குத்தான் சொந்தம். கே.ஏ. வண்டி ஓசூரில் மலிவா கிடைக்கிறதுக்கு முக்கியக் காரணமே அதை டி.என். 70-க்கு மாத்தற சிரமம்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47-ன்படி வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்கே வெச்சிருந்தா புது நம்பர் வாங்கணும். அதுக்கு கர்நாடக ஆர்.டி.ஓ. தர்ற என்.ஓ.சி., அதாவது படிவம் 28 வேணும். பேர் மாத்த படிவம் 29, 30. லோன் இருந்திருந்தா பேங்க் கையெழுத்து போட்ட படிவம் 35. இங்கே வரி, வண்டியோட வயசைப் பொறுத்து. "தினமும் கர்நாடகாவுக்குத்தானே போற, கே.ஏ. நம்பரே இருக்கட்டுமே"ன்னு என்கிட்டயும் சொன்னாங்க. ஆனா எங்க ஆதார் முகவரி ஓசூர். கர்நாடகாவிலேயே பேர் மாத்த அங்கே முகவரி வேணும். பேர் மாத்தலைன்னா 2027-ல் யார் போய் ஆர்.சி. புதுப்பிக்கிறது?

புரோக்கர்கிட்ட என்.ஓ.சி. கேட்டோம். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், நம்ம ஆளு இருக்காரு"ன்னார். கையில் இருந்தது தேதி போடாத 29-ம் 30-ம், யாரோ கையெழுத்து போட்டது. எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தா ஆர்.சி.யில் இருக்கிறவர் இரண்டாவது ஓனர். ஆனா புரோக்கர் வண்டியை வாங்கினது வேற ஒருத்தர்கிட்ட. அதாவது நடுவில் ஒருத்தர் பேர் மாத்தாமலே ஓட்டிட்டு வித்திருக்கார். போன் எடுக்காத அந்த ஓனர் யாருன்னே புரோக்கருக்குத் தெரியாது!

இது சும்மா பேப்பர் விஷயம்னு நினைக்காதீங்க. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2018-ல் சொன்னது இதுதான். விஜய்குமார் 2007-லேயே காரை வித்துட்டார், அது பல கை மாறிடுச்சு, விபத்து நடந்தது 2009-ல். ஆனா ஆர்.சி.யில் அவர் பேரே இருந்ததால் சட்டத்தின் கண்ணில் அவர்தான் ஓனர், நஷ்டஈடு அவர் பொறுப்புன்னு தீர்ப்பு. இதை வாங்கறவன் பக்கத்திலிருந்து படிச்சுப் பாருங்க. நாம 2.1 லட்சம் கொடுத்தாலும் வண்டி அந்த முகம் தெரியாதவரோடது. அவர் நாளைக்கு "என் வண்டியைக் காணோம்"னு ஒரு புகார் கொடுத்தா நம்ம கையில் என்ன இருக்கு?

அப்பாகிட்ட 41 கி.மீ. விஷயத்தையும் ஆர்.சி. பேரையும் காட்டினேன். கி.மீ.க்கு 12.40 கணக்கை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். புரோக்கர் அன்னிக்கு ராத்திரியே 1,75,000-க்கு இறங்கி வந்தார். அப்பா, "என்.ஓ.சி.யோட ஓனரைக் கூட்டிட்டு வாங்க, கேட்டதையே தரேன்"னார். அதுக்கப்புறம் அவர் போன் வரல.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாகலூர் ரோட்டில் இன்னொண்ணு பாக்கப் போறோம். டி.என். 70, ஒரே ஓனர், 1,10,000 கி.மீ., கேட்கிறது மூணு லட்சம். சீட்டுப் பணம் போக இன்னும் ஐம்பதாயிரம் வேணும். ஸ்டார்ட் பண்ணாம வைக்கச் சொல்லி ஓனருக்கு அப்பாவே போன் பண்ணிட்டார். ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டதுக்கு, "அது எதுக்குங்க?"ன்னு கேட்டாராம், ஆனா வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டார். வாணியம்பாடி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது.